ஐயாயிரம் பேரின் ரத்தம்

கொலையாளியை டி.என்.ஏ. பிடித்துக் கொடுத்த முதல் வழக்கு எது என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் இங்கிலாந்தின் நார்பரோ வழக்கைச் சொல்வார்கள். பாதிதான் சரி. எனக்கு அக்கறை அந்த மீதிப் பாதியில். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை போதுமா என்று பாருங்கள், நிதானமாகச் சொல்கிறேன். இரண்டு சிறுமிகள் இறந்த கதை. ஒரு பையனின் வாழ்க்கை மயிரிழையில் தப்பிய கதை. அவசரமாகச் சொன்னால் முக்கியமானது விட்டுப்போகும்.

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லெஸ்டர் என்று ஒரு நகரம். அதன் தென்மேற்கு ஓரத்தில் நார்பரோ, எண்டர்பி, லிட்டில்தார்ப் என்று மூன்று கிராமங்கள், நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில். ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு அடுத்த கிராமத்தில் சிநேகிதி இருப்பாள். மாலையில் போய்ப் பேசிவிட்டு, இருட்டிய பிறகு தனியாகத் திரும்பி வருவாள். பெற்றோர் பயப்படமாட்டார்கள். வீடுகளுக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதைகள் ஓடும், அவற்றுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர்களும் உண்டு. அப்படி ஒன்று பிளாக் பேட். இன்னொன்று டென் பவுண்ட் லேன். பக்கத்திலேயே கார்ல்டன் ஹேய்ஸ் என்ற மனநல மருத்துவமனை, நீண்ட மதில் சுவரோடு.

1983 நவம்பர் 21, திங்கட்கிழமை. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி சிநேகிதி வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. மறுநாள் காலை பிளாக் பேட் பாதையோரம் அவள் உடல் கிடந்தது. பாலியல் வன்கொடுமை செய்து, கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள்.

அன்றைக்குத் தடயவியல் என்ன சொல்ல முடிந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. நம் ரத்தம் எந்தப் பிரிவு என்று காட்டும் பொருள், பெரும்பாலானவர்களுக்கு உமிழ்நீரிலும் விந்திலும் கூடக் கலந்து வெளியே வரும். உடலில் கிடைத்த விந்தைச் சோதித்தபோது கொலையாளி ஏ பிரிவு என்று தெரிந்தது. கூடவே பி.ஜி.எம். என்ற நொதியின் வகையும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து அமைவது ஏறத்தாழ பத்து ஆண்களில் ஒருவருக்கு. அதாவது, ஒன்பது பேரை 'நீ இல்லை' என்று அனுப்பிவிடலாம். பத்தாவது ஆளை 'நீதான்' என்று சொல்ல முடியாது. லெஸ்டர் நகரத்தையும் சேர்த்தால் அந்தப் பத்தாவது ஆட்கள் பல ஆயிரம் பேர்.

இந்த இடத்தில் துப்பறிகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: வீடு வீடாகப் போவது. லெஸ்டர்ஷயர் குற்றப்புலனாய்வுப் பிரிவின் தலைவர் டேவிட் பேக்கர். அவருடைய ஆட்கள் கதவு கதவாகத் தட்டி, அன்றிரவு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுப் படிவம் எழுதினார்கள். அந்தப் பாதையை வெளியூர்க்காரன் கண்டுபிடித்திருக்க வாய்ப்பு குறைவு, எனவே கொலையாளி உள்ளூர்தான் என்று அவர்கள் நம்பினார்கள். ஊரோ வேறுவிதமாக நம்ப விரும்பியது. மனநல மருத்துவமனையின் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாரோ ஒருவன் செய்திருப்பான் என்றால் ஊர் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ளத் தேவையில்லை. நெருக்கமான ஊர்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். ஊர் தன்னை வீடுகளின் கூட்டமாக நினைத்துக்கொள்கிறது. குற்றம் அந்த வீடுகளுக்கு வெளியே, மதிலுக்கு அப்பால், தெரியாத முகத்தில் இருந்தால்தான் இரவில் தூக்கம் வருகிறது.

காவலர்கள் விசாரித்தவர்களில் காலின் பிட்ச்ஃபோர்க் என்றொரு இளைஞனும் இருந்தான். 1960இல் பிறந்தவன், திருமணமானவன், ஒரு கைக்குழந்தைக்கு அப்பா. லெஸ்டரில் ஒரு ரொட்டித் தயாரிப்பு நிறுவனத்தில் வேலை. கேக் அலங்காரத்தில் கை தேர்ந்தவன் என்று பெயர். கொலை நடந்த மறுமாதம்தான் லிட்டில்தார்ப்புக்குக் குடிவந்திருந்தான். பெண்கள் முன்னால் ஆடை விலக்கிக் காட்டியதாக அவன்மேல் பழைய வழக்குகள் இருந்ததால் அவன் பெயரும் பட்டியலில் வந்தது. அன்றிரவு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றான். ஒரு விதத்தில் அது உண்மை என்பதுதான் வயிற்றைப் பிசைகிறது. மனைவியை மாலை வகுப்பில் இறக்கிவிட்டு, குழந்தையைக் காரின் பின்னிருக்கையில் படுக்கவைத்தபடியேதான் அவன் அந்தப் பக்கம் போயிருந்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கையில் இறங்கிப் போய்க் கொலை செய்துவிட்டு வந்து, மனைவியை அழைத்துக்கொண்டு வீடு திரும்பினான்.

துப்பு எதுவும் முன்னேறவில்லை. விசாரணை மெல்ல அடங்கியது. ஆனால் ஆய்வகத்தில் அந்த மாதிரியை யாரும் தூக்கி எறியவில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டே முக்கால் ஆண்டு கழித்து, 1986 ஜூலை 31 மாலை, எண்டர்பியைச் சேர்ந்த இன்னொரு பதினைந்து வயதுப் பெண் டென் பவுண்ட் லேன் குறுக்குவழியில் வீட்டுக்கு நடந்தாள். இரண்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. அதே கொடுமை, அதே நெரிப்பு, அதே ரத்தப்பிரிவு. முந்தைய இடத்திலிருந்து நடை தூரம். இப்போது ஊரில் யாராலும் வெளியாள் கதை பேச முடியவில்லை. ஒருவனே இரண்டையும் செய்திருக்கிறான், அவன் இங்கேயே வாழ்கிறான்.

சில நாட்களில் ஒரு கைது. கார்ல்டன் ஹேய்ஸ் மருத்துவமனையின் சமையலறையில் எடுபிடி வேலை பார்த்த பதினேழு வயதுப் பையன். கற்பதிலும் புரிந்துகொள்வதிலும் கொஞ்சம் பின்தங்கியவன். சம்பவ இடத்துக்கு அருகில் அவனைப் பார்த்ததாகச் சாட்சிகள் சொன்னார்கள். உடலைப் பற்றி அவன் பேசிய சில செய்திகள், வெளியாட்களுக்குத் தெரிந்திருக்க முடியாதவை என்று காவலர்களுக்குத் தோன்றியது. மணிக்கணக்கில் விசாரித்தபோது செய்தேன் என்றான், இல்லை என்றான், மறுபடி செய்தேன் என்றான். இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதல் கொலையை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

செய்யாத கொலையை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? இதை நம்பாதவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். பயந்த, தூக்கம் கெட்ட, எதிரே இருப்பவரைத் திருப்திப்படுத்திப் பழகிய ஒரு பையனுக்கு அந்த அறையில் இருக்கும் ஒரே ஆசை, கேள்வி நிற்க வேண்டும் என்பது. 'ஆமாம்' என்றால் கேள்வி நிற்கிறது. நாளைக்கு என்ன ஆகும் என்பது அந்த நேரத்தில் வெகு தூரத்தில் இருக்கிறது. விசாரிப்பவர் அடிக்கக்கூட வேண்டியதில்லை. நம் நாட்டில் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே, காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 25ஆம் பிரிவு இருந்தது. இன்றைய புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. 'இது இருப்பதால்தான் குற்றவாளிகள் தப்புகிறார்கள்' என்று கோபப்படும் நண்பர்களுக்கு நான் இந்த நார்பரோப் பையனைத்தான் சொல்வேன்.

காவல்துறைக்கு இப்போது ஒரு குறைதான்: முதல் கொலையையும் இவன்தான் செய்தான் என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு வழி சில மைல் தள்ளி, லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்தது.

அலெக் ஜெஃப்ரிஸ் அங்கே மரபியல் ஆராய்ச்சியாளர். குற்றம், காவல் எதுவும் அவர் மனத்தில் இல்லை. மனித டி.என்.ஏ.வில் ஆளுக்கு ஆள் மாறும் இடங்களைத் தேடிக்கொண்டிருந்தார். 1984 செப்டம்பர் 10, திங்கள் காலை ஒன்பது மணி சுமாருக்கு, இருட்டறையில் கழுவிய எக்ஸ்-ரே படம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அவர் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ., அவருடைய தாய் தந்தையின் டி.என்.ஏ., கூடவே எலி, பபூன் குரங்கு, சீல், புகையிலைச் செடி என்று கலவையான மாதிரிகள். எல்லாவற்றிலும் கறுப்புக் கோடுகள் வரிசையாக விழுந்திருந்தன. ஒவ்வொரு வரிசையும் வேறு. மகளின் கோடுகளில் ஒவ்வொன்றும் தாயிடமோ தந்தையிடமோ இருந்தது. அந்தப் படத்தின் முன் நின்றே, இதைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் கோடுகள் என்ன? ஒரு சேலையின் கரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாங்காய்ப் பூ அடுத்தடுத்து நெய்திருக்கும். ஒரு சேலையில் அது பதினெட்டு முறை வரும், இன்னொன்றில் முப்பத்தொரு முறை. மாங்காய் ஒன்றுதான், எண்ணிக்கைதான் வேறு. நம் டி.என்.ஏ.விலும் சில இடங்களில் ஒரே எழுத்துத் தொடர் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். இந்த இடங்களை நொதியால் இரு ஓரங்களிலும் வெட்டி எடுத்தால், அதிக முறை திரும்பும் துண்டு நீளமாகவும் குறைவானது குட்டையாகவும் இருக்கும். அவற்றைக் கூழ்மத்தில் மின்சாரம் செலுத்தி ஓடவிட்டால் குட்டையானது வேகமாக முன்னால் போகும், நீளமானது பின்தங்கும். கதிரியக்கக் குறி இட்டு எக்ஸ்-ரே படத்தில் பதித்தால், ஒவ்வொரு நீளமும் ஒரு கோடு. ஒவ்வொரு இடத்திலும் தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. இப்படிப் பல இடங்களை ஒரே நேரத்தில் பார்த்தால், உடன்பிறந்த இருவருக்குக்கூடக் கோடுகள் ஒத்துப்போகாது. ஒரு கருவில் பிரிந்த இரட்டையர் மட்டும் விதிவிலக்கு.

இதன் முதல் நிஜப் பயன் ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்ததுதான். 1985இல், கானாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு சிறுவனை, இவன் உங்கள் மகன் இல்லை, உறவுக்காரப் பிள்ளை என்று சொல்லி பிரிட்டிஷ் குடியேற்றத் துறை ஏற்க மறுத்தது. தந்தையின் ரத்தம் கிடைக்கவில்லை. ஜெஃப்ரிஸ் அந்தத் தாயின் மற்ற மூன்று பிள்ளைகளிடமிருந்து, தாயிடம் இல்லாத கோடுகளைத் திரட்டித் தந்தையின் கோடுகளைக் கட்டியெழுப்பினார். சிறுவனின் கோடுகள் ஒவ்வொன்றும் இந்த இருவரில் ஒருவரிடமாவது இருந்தது. அரசு வழக்கை விட்டது. தாயிடம் முடிவைச் சொன்ன தருணத்தைப் பிற்காலத்தில் அவர் நெகிழ்ந்து நினைவுகூர்ந்திருக்கிறார்.

கொலை வழக்கு இதைவிடச் சிரமம். ரத்தம் குழாயில் புதிதாக வருவதில்லை. காய்ந்த கறையில், கொஞ்சமாக, பாதி சிதைந்து வரும். அதுவும் கொலையுண்ட பெண்ணின் செல்களோடு கலந்திருக்கும். கலந்தால் கோடுகளும் கலக்கும். உள்துறையின் தடயவியல் பிரிவில் இருந்த பீட்டர் கில், டேவிட் வெரெட் இருவரும் ஜெஃப்ரிஸோடு சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். விந்தணுவின் தலை மற்ற செல்களைவிடக் கெட்டியான உறை கொண்டது. முதலில் மென்மையான கரைசலில் பெண்ணின் செல்களை மட்டும் உடைத்து, அந்த டி.என்.ஏ.வை ஊற்றிவிடலாம். பிறகு வலுவான வேதிப்பொருள் சேர்த்து விந்தணுவைத் திறக்கலாம். ஆணின் டி.என்.ஏ. தனியாகக் கிடைத்துவிடும். குறைந்த மாதிரியே போதுமென்று, பல இடங்களுக்குப் பதிலாக ஒவ்வொரு இடமாகப் பார்க்கும் முறையையும் ஜெஃப்ரிஸ் உருவாக்கியிருந்தார்.

1983இன் மாதிரி, 1986இன் மாதிரி, பையனின் ரத்தம் மூன்றும் சோதனைக்குப் போயின. முதல் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒத்தன. இரண்டு பெண்களையும் கொன்றது ஒரே ஆள் என்ற சந்தேகம் இப்போது உறுதியானது. பையனின் கோடுகளோ இரண்டிலும் இல்லை. அவன் ஒப்புக்கொண்ட கொலையைக்கூட அவன் செய்யவில்லை.

ஜெஃப்ரிஸே முதலில் தன் முறையில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தார். மறுபடி செய்தார்கள். உள்துறை ஆய்வகத்தினரும் தனியாகச் சரிபார்த்தார்கள். அதே முடிவு.

இந்த வழக்கில் நான் டேவிட் பேக்கரை மதிப்பது இந்த இடத்தில்தான். எண்ணிப் பாருங்கள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கையில் ஒப்புதல் வாக்குமூலத்தோடு ஓர் ஆள் இருக்கிறான். எந்தக் குற்றவியல் நீதிமன்றமும் அதுவரை ஏற்றிராத, பத்திரிகையில் வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத ஒரு புது முறை, அவரது சொந்த வழக்கை உடைக்கிறது. அதை ஒதுக்கித் தள்ள அவருக்கு நூறு சாக்கு இருந்தது. அவர் ஒதுக்கவில்லை. 1986 நவம்பரில் அந்தப் பையன் விடுவிக்கப்பட்டான். குற்ற வழக்கில் டி.என்.ஏ. முதன்முதலாகச் செய்த வேலை, ஓர் அப்பாவியை வீட்டுக்கு அனுப்பியது. இந்த முறை இல்லாமல் போயிருந்தால் அவன் தண்டிக்கப்பட்டிருப்பான் என்பதில் தனக்கு ஐயமில்லை என்று ஜெஃப்ரிஸ் பின்னாளில் சொன்னார். உண்மைக் கொலையாளி அப்போது வெளியே நிம்மதியாக இருந்திருப்பான் என்பதையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பேக்கர் அடுத்து எடுத்த முடிவுதான் உலகப் பத்திரிகைகளை அந்தச் சிறு ஊர்களுக்குக் கூட்டி வந்தது. 1987 ஜனவரியில் அறிவித்தார்: மூன்று கிராமங்களிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பதினேழு முதல் முப்பத்து நான்கு வயது வரையிலான ஆண்கள் எல்லாரும் ரத்தமும் உமிழ்நீரும் தர வேண்டும். கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டுத்தான். ஆனால் விருப்பம் என்ற சொல்லுக்கு ஒரு கிராமத்தில் என்ன பொருள்? அழைப்புக் கடிதம் வீட்டுக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவிட்டு வந்துவிட்டார், மைத்துனன் கொடுத்துவிட்டான், கால்பந்து ஆடும் கூட்டாளிகள் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் ஏன் இன்னும் போகவில்லை என்று மனைவி கேட்கிறாள், மாமியார் கேட்கிறாள், மதுக்கடையில் கேட்கிறார்கள். ஊசிக்குப் பயந்தவனும் போனான். காவல்துறையைப் பிடிக்காதவனும் போனான். அந்த நெருக்கடி நியாயமா என்று எனக்கு இன்றுவரை முழுத் திருப்தியான பதில் இல்லை. ஒன்றும் செய்யாதவன் தன் உடலைத் திறந்து காட்டி 'நான் இல்லை' என்று நிரூபிக்க வேண்டிய நிலை சாதாரணமானது அல்ல. அதே சமயம், அந்தப் பெண்களின் தாய்மார் வாழ்ந்த தெருவில் நான் இருந்திருந்தால் முதல் நாளே கையை நீட்டியிருப்பேன்.

எட்டு மாதங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் மாதிரி கொடுத்தார்கள். ஐயாயிரத்துக்கும் டி.என்.ஏ. சோதனை செய்யவில்லை. அன்று ஒரு சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும். முதலில் பழைய முறையில் ரத்தப்பிரிவும் நொதி வகையும் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேர் அங்கேயே விலக, மிஞ்சிய பத்தாவது ஆளின் மாதிரி மட்டும் டி.என்.ஏ.வுக்குப் போனது. புது அறிவியலின் சுமையைப் பழைய அறிவியல் இப்படித் தாங்கியது.

ஒருவருக்கும் பொருந்தவில்லை.

காரணம், கொலையாளி வரவே இல்லை. கடிதம் வந்ததும் பிட்ச்ஃபோர்க் தன் கூட வேலை பார்ப்பவர்களை அணுக ஆரம்பித்தான். எனக்குப் பதிலாகப் போய் ரத்தம் கொடுக்க முடியுமா? ஒருவருக்கு இருநூறு பவுண்ட் தருவதாகச் சொன்னான். அவர் மறுத்துவிட்டார், ஆனால் யாரிடமும் சொல்லவும் இல்லை. கடைசியில் இன்னொரு சக ஊழியரிடம் ஒரு கதை சொன்னான்: பழைய வழக்கு ஒன்று இருப்பதால் போலீஸ் தன்னைத் தொந்தரவு செய்யும் என்று பயந்த நண்பர் ஒருவருக்காக நான் ஏற்கனவே போய் ரத்தம் கொடுத்துவிட்டேன்; இப்போது என் பெயரில் மறுபடி போனால் மாட்டிக்கொள்வேன்; நீ எனக்காகப் போய்வந்தால் போதும். கேட்டவருக்கு இது ஒரு நட்பு உதவியின் மேல் இன்னொரு நட்பு உதவியாகத் தெரிந்தது. பிட்ச்ஃபோர்க் தன் பாஸ்போர்ட்டில் அந்த ஊழியரின் புகைப்படத்தை ஒட்டிக் கொடுத்தான். ஊழியர் போய், பிட்ச்ஃபோர்க் என்று கையெழுத்திட்டு, தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். பிட்ச்ஃபோர்க்கின் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது.

ஒரு முறை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அதன் வாசலில் ஒரு மேசையும் ஓர் அடையாள அட்டையும் ஒரு கையெழுத்தும் இருக்கின்றன. கோடுகள் யாருடையவை என்று படம் சொல்லும். குழாயில் ஒட்டிய பெயர் சரியா என்று அது சொல்லாது.

1987 ஆகஸ்ட் மாதம். ரொட்டி நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் லெஸ்டரில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு பிட்ச்ஃபோர்க்கைப் பற்றித் திரும்பியது. அவனுக்காக நான் ரத்தம் கொடுத்தேன் என்று அந்த ஊழியர் சொல்லிவிட்டார். எனக்கும் பணம் தருவதாகச் சொன்னான் என்றார் இன்னொருவர். மேசையில் ஒரு பெண் இருந்தார், அவர்களோடு வேலை பார்ப்பவர். அவருக்கு அந்த இரவுக்குப் பிறகு நிம்மதி போய்விட்டது. சொன்னால் நண்பர்கள் சிறைக்குப் போகலாம். ஒருவேளை பிட்ச்ஃபோர்க் பயந்தவன் மட்டும்தானோ, கொலையாளி இல்லையோ? ஆறு வாரம் அதைச் சுமந்திருந்துவிட்டு, காவல்துறையிடம் சொன்னார். ஏன் ஆறு வாரம் என்று அவரைக் குறைசொன்னவர்கள் உண்டு. தினமும் முகம் பார்த்து வேலை செய்பவர்களைப் பற்றிக் காவல்துறையிடம் போய்ச் சொல்வது எவ்வளவு கனமானது என்று நெருக்கமான இடத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கனத்தை மீறி அவர் சொன்னார். இந்த வழக்கில் ஜெஃப்ரிஸுக்கும் பேக்கருக்கும் அடுத்து நான் வணங்குவது பெயர் சொல்லத் தேவையில்லாத அந்தப் பெண்ணைத்தான்.

காவலர்கள் பழைய படிவத்தை எடுத்தார்கள். வீடு வீடாகப் போனபோது பிட்ச்ஃபோர்க் போட்ட கையெழுத்தையும், ரத்தம் கொடுத்தபோது அவன் பெயரில் போட்ட கையெழுத்தையும் பக்கத்தில் வைத்தார்கள். வேறு வேறு கைகள். செப்டம்பர் 19ஆம் தேதி லிட்டில்தார்ப்பில் அவன் வீட்டிலேயே கைது செய்தார்கள். ஒப்புக்கொண்டான். இந்த முறை ஒப்புதலோடு யாரும் நிறுத்திக்கொள்ளவில்லை. அவனுடைய உண்மையான ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். இரண்டு மாதிரிகளோடும் பொருந்தியது.

இப்போது அந்தப் பாதிக் கணக்குக்கு வருகிறேன். டி.என்.ஏ. அவனைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது மதுக்கடை மேசையில் விழுந்த ஒரு சொல். ஆனால் அந்தச் சொல் விழக் காரணம் டி.என்.ஏ.தான். மூன்று ஆண்டுகளாக அவனுடைய ரகசியம் அவனுக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. ரத்தம் கொடுக்கும் கெடு வந்ததும் அவன் இன்னொருவரைத் துணைக்குச் சேர்க்க வேண்டியதாயிற்று. அதற்குமுன் மறுத்த ஒருவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவன் வாயில் இருக்கும்வரை ரகசியம், நாலு பேர் வாய்க்கு வந்தால் ஊர்ப்பேச்சு. ஊரின் நெருக்கம் அவனை நான்கு ஆண்டு மறைத்துவைத்தது. அதே நெருக்கம்தான் கடைசியில் அவனைக் காட்டிக்கொடுத்தது. துப்பறியும் வேலையின் சூட்சுமம் அந்த ரகசியத்தின் பூட்டு திறக்கும்படி எங்கே அழுத்துவது என்று அறிவதுதான். பேக்கர் அழுத்திய இடம் சரியான இடம்.

1988 ஜனவரியில் பிட்ச்ஃபோர்க்குக்கு ஆயுள் தண்டனை. குறைந்தது முப்பது ஆண்டு என்று வகுத்ததை 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருபத்தெட்டாகக் குறைத்தது. 2021 செப்டம்பரில் நிபந்தனைகளோடு வெளியே வந்தவன், அவற்றை மீறியதாகக் கூறப்பட்டதால் இரண்டு மாதத்தில் மறுபடி சிறைக்குப் போனான். அவனுக்காக ரத்தம் கொடுத்தவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது. பிரிட்டன் 1995இல் தேசிய டி.என்.ஏ. தரவுத்தளத்தைத் தொடங்கியது. குற்றம் நிரூபணமாகாதவர்களின் மாதிரிகளையும் காலவரையின்றி வைத்திருந்தது தனியுரிமைக்கு எதிரானது என்று 2008இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐயாயிரம் பேரின் ரத்தத்தைப் பற்றி எனக்கிருந்த சங்கடத்துக்கு ஓரளவு அந்தத் தீர்ப்பு பதில் சொல்கிறது.

நம் பக்கம் இது வர அதிக நாள் ஆகவில்லை. ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் 1988 வாக்கிலேயே இந்தியாவுக்கென்று சொந்தமாக ஒரு முறையை உருவாக்கினார். கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றத்தில் ஒரு குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கில் அது ஏற்கப்பட்டது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு, சிதறிய உடற்பகுதிகள் யாருடையவை என்று உறுதிசெய்யவும் அந்த மையத்தின் உதவியே நாடப்பட்டது. 2005இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, பாலியல் வன்கொடுமை வழக்கில் பிடிபட்டவரின் மாதிரியை மருத்துவர் எடுக்க வழிசெய்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தொலைக்காட்சித் தொடர்கள் சொல்வதில்லை. நியூயார்க்கில் 1992இல் தொடங்கிய இன்னசன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு, 2020 வரை டி.என்.ஏ. மூலம் தண்டனைக்குப் பிறகு விடுதலையான 375 பேரின் கணக்கை வைத்திருக்கிறது. அவர்களில் 21 பேர் மரண தண்டனைக் கைதிகளாக இருந்தவர்கள். 29 சதவீத வழக்குகளில் பொய்யான ஒப்புதல் வாக்குமூலம் இருந்தது. நார்பரோப் பையன் தனி ஆள் இல்லை.

இவர்களை மீட்டது புத்திசாலித்தனம் மட்டும் அல்ல. பழைய மாதிரி எங்கோ ஓர் அலமாரியில் கெடாமல் இருந்தது. 1983இன் மாதிரியை ஆய்வகம் வைத்திருக்காவிட்டால் இரண்டு கொலைகளையும் ஒருவனோடு இணைத்திருக்கவே முடியாது. அதனால் புதுப்புதுக் கருவிகள் வாங்கும் செய்தி வரும்போதெல்லாம் நான் வேறொன்றைத்தான் கேட்கிறேன்: நம் ஊர்க் காவல் நிலையத்தில், ரத்தம் தோய்ந்த துணியை எப்படி எடுத்து வைக்கிறார்கள்? ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டால் நம் வெயிலில் சில நாளில் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். நிழலில் காற்றாட உலர்த்தி, காகித உறையில் இட்டு, முத்திரை வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நேரத்தில் போனது என்று எழுதி, தாமதிக்காமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். காகித உறைக்கும் அந்தக் குறிப்பேட்டுக்கும் பெரிய செலவு ஆகாது. இரவுப் பணியில் இருக்கும் ஏட்டுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பிற்பகல் போதும்.